கால் மைல் டர்போ சிவிக்: கிளைகால் கூடாதாம், வெறும் தண்ணி போதுமா? மூணாவது ஓட்டத்துல சூடு ஏறுது

கிளாங் ஹேட்ச்

வணக்கம். வண்டி இஜி சிவிக் ஹேட்ச்பேக். பி16ஏ இன்ஜின், ஃபோர்ஜ்டு பிஸ்டன், ஏஆர்பி கம்பெனி ஹெட் ஸ்டட் (சிலிண்டர் தலையை இறுக்கிப் பிடிக்கறது), டர்போ 1.2 பார், சக்கரத்துல 350 குதிரை. ரோன் 97 பெட்ரோல். ரெண்டு வரிசை அரை ரேடியேட்டர், 12 இஞ்ச் ஃபேன் ஒண்ணு, மூடி 1.1 பார். தெர்மோஸ்டாட்டைக் கழட்டி வெச்சிருக்கு. இப்ப உள்ள இருக்கறது பச்சைக் கூலண்ட், அதாவது கிளைகால், பாதிக்குப் பாதி தண்ணி கலந்தது. கால் மைல் நேர்ப் பந்தயத்துக்கு மட்டும்தான் ஓட்டறது, ரோட்டுல ரொம்பக் குறைவு.

கேட்க வேண்டியது நாலு:

1. டிராக்ல கிளைகால் கூடாதுன்னா வெறும் தண்ணி ஊத்தலாமா? முழு அலுமினிய இன்ஜின், அரிச்சுடாதா?
2. முதல் ஓட்டத்துக்கு 78 டிகிரியில ஸ்டார்ட் கோட்டுல நிக்குது. மூணாவது ஓட்டத்துக்கு 98. நடுவுல 20 நிமிஷம் ஃபேன் ஓடிக்கிட்டேதான் இருக்கு, இருந்தும் இறங்க மாட்டேங்குது.
3. கோட்டுல நிக்கும்போது எத்தனை டிகிரி இருக்கணும்?
4. மீட்டர் 105-ஐத் தாண்டினதே இல்ல. ஆனா ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஓவர்ஃபுளோ டப்பாவுல 300 மில்லி கிட்ட வந்துடுது. மூடி போச்சா?

---

ஈப்போ ஃபோர்மேன்

தம்பி, உங்க நாலாவது கேள்விதான் எனக்குக் கவலை. அதுக்குப் பிறகு வரேன், முதல்ல தண்ணி விஷயத்தை முடிச்சுடுவோம்.

கிளைகாலை ஏன் தடுக்கறாங்கன்னா, அது கீழ கொட்டினா காயாது. தண்ணி ஆவியாகிப் போயிடும். கிளைகால் ரப்பர் படிஞ்ச தார்மேல எண்ணெய் மாதிரி படலமாத் தங்கிடும், துடைச்சாலும் வழவழப்பு விடாது. அடுத்து வர்ற வண்டி அதுமேல ஏறினா நேரா சுவர்தான். உங்களுது முன்சக்கர வண்டி வேற. ரேடியேட்டர் ஒழுகினா முதல்ல நனையறது உங்க சொந்த ஸ்லிக் டயர்தான்.

சூட்டைக் கடத்தறதுலயும் தண்ணிதான் மேல். ஒரு கிலோ தண்ணி ஒரு டிகிரி ஏற 4.18 கிலோஜூல் வேணும். பாதிக்குப் பாதி கலவைக்குச் சுமார் 3.5 போதும். சூடு கடத்தும் திறன் கலவையில மூணுல ஒரு பங்கு குறையும். ஓடற சூட்டுல அதோட பிசுபிசுப்பு தண்ணியைப் போல ரெண்டு மடங்குக்கும் மேல. கிளைகாலால கிடைக்கறது மூணுதான்: உறையாது, கொதிநிலை கொஞ்சம் ஏறும், துருத்தடுப்பு மருந்து அதோட சேர்ந்தே வரும். மலேசியாவுல முதலாவது தேவையில்ல. ரெண்டாவதை மூடி பார்த்துக்கும். கடல் மட்டத்துல 1.1 பார் மூடி போட்ட வெறும் தண்ணி சுமார் 121 டிகிரி வரைக்கும் கொதிக்காது, 1.3 பார்னா சுமார் 125. மூணாவதுக்கு மட்டும் நாம தனியா மருந்து சேர்க்கணும்.

அதனால வெறும் தண்ணி வேண்டாம். டிஸ்டில்ட் தண்ணியோட கிளைகால் இல்லாத துருத்தடுப்பான் போடுங்க. ரெட் லைன் வாட்டர் வெட்டர், மோட்டுல் மோகூல் ரெண்டும் இந்த வேலைக்கே செஞ்சது. மோகூல் 5 விழுக்காட்டுக் கலவை, அதாவது 4.5 லிட்டருக்கு 225 மில்லி. சின்ன சிஸ்டத்துல முழு பாட்டிலையும் கவுத்தாதீங்க, அளவு கூடினா குளிர்ச்சி கூடாது. மருந்தே இல்லாம ஓட்டினா அலுமினியத்துல வெள்ளைப் பொடி பூக்கும், பம்ப் சீல் வறண்டு ஒழுகும், இம்பெல்லர் பக்கம் குமிழி வெடிச்சு வெடிச்சுக் குழி விழும்.

பைப் தண்ணி கூடவே கூடாது. அதுல இருக்கற உப்பு, சிலிண்டர் தலையில ரொம்பச் சூடான இடமாப் பார்த்துப் படியும், அதாவது எக்ஸாஸ்ட் வால்வைச் சுத்தி. குளிர்ச்சி அதிகமா வேணுங்கற இடமே அதுதான்.

பழைய கூலண்டை வெளியேத்தறதுல நிறைய பேர் ஏமாந்துடறாங்க. ரேடியேட்டர் அடியைத் திறந்தா பாதிதான் வரும், மீதி பிளாக்குலயே (சிலிண்டர் இருக்கற இன்ஜின் உடல்) தங்கிடும். பாதி தங்குதுன்னு வெச்சுக்கிட்டா, 50 விழுக்காடு கிளைகால் ஒரு தடவை கழுவினா 25, அப்புறம் 12, 6, 3ன்னு இறங்கும். நாலு தடவைக்குப் பிறகும் கையில பிசுபிசுக்கும். பிளாக்கோட பின்பக்கம் இருக்கற வடிகால் போல்ட்டைக் கழட்டினா வேலை பாதி. போடும்போது புது வாஷர். ஹீட்டர் கோர் இருந்தா அந்த ஹோஸையும் கழட்டி ஊதிடுங்க. கடைசியா ரிஃப்ராக்டோமீட்டர்ல (கிளைகால் அளவைக் காட்டற கருவி) ஒரு சொட்டு வெச்சுப் பாருங்க, 0 காட்டணும். வடிச்சதைக் காவாயில ஊத்தாதீங்க. இனிப்பா இருக்கும், நாயும் பூனையும் நக்கிச் செத்துப்போகும்.

நிரப்பும்போது மூக்குப் பக்கம் வண்டியைத் தூக்கி வெச்சு, தண்ணி வெளியேறும் கழுத்துல இருக்கற காற்றுப் போல்ட்டைத் தளர்த்தி, குமிழி நின்னு ஒழுங்கா வழியற வரைக்கும் ஊத்துங்க. அந்தப் போல்ட்டை மெதுவா முடுக்கணும், பலமா இழுத்தா கழுத்தோட போயிடும்.

---

கிளாங் ஹேட்ச்

நன்றிண்ணே. ரெண்டு துணைக்கேள்வி. ஏர்கான்ல சொட்டற தண்ணி டிஸ்டில்ட் மாதிரிதானேங்கறாங்க, அது ஆகுமா? எவான்ஸ் மாதிரி தண்ணியே இல்லாத கூலண்ட் போட்டா கொதிக்கவே கொதிக்காதாமே?

---

ஈப்போ ஃபோர்மேன்

ஏர்கான் தண்ணி வேண்டாம். உப்பு குறைவுதான், ஆனா செம்புக் காயில்மேல வழிஞ்சு தட்டுல தேங்கி வர்ற தண்ணி. செம்பும் அலுமினியமும் ஒரே தண்ணியில இருந்தா அலுமினியம் அரிக்கும். பேட்டரிக்கு ஊத்தற டிஸ்டில்ட் தண்ணி 5 லிட்டர் கேன் வாங்குங்க. லேபிளைப் படிச்சு வாங்கணும், பக்கத்துலயே பேட்டரி ஆசிட் கேனும் இருக்கும்.

தண்ணியில்லாக் கூலண்ட் கிளைகாலேதான், தண்ணி மட்டும்தான் கிடையாது. கொதிநிலை 180-க்கும் மேல, உண்மை. ஆனா சூட்டைக் குடிக்கும் திறன் தண்ணியைவிட ரொம்பக் குறைவு, அதனால தலையோட உலோகம் இன்னும் சூடாகும். டர்போ வண்டியில அது நாக்கிங்கை (பெட்ரோல் நேரந்தவறி வெடிக்கறதை) கூப்பிடற வேலை. டிராக் விதிப்படியும் ஆகாது.

---

கோவை டியூனர்

உங்கள் இரண்டாவது, மூன்றாவது கேள்விகளுக்கு.

ஓட்டம் நடக்கும் 12 வினாடியில் ரேடியேட்டரால் ஏறக்குறைய எதுவும் நடப்பதில்லை. ஒரு தோராயக் கணக்கு போடுவோம். இந்த அளவு சக்திக்கு முழு திராட்டிலில் குளிர்நீருக்குப் போகும் சூடு 120 கிலோவாட் என்று கொண்டால், 12 வினாடிக்கு 1440 கிலோஜூல். 5 லிட்டர் தண்ணீர் ஒரு டிகிரிக்கு 21 கிலோஜூல் குடிக்கும். பிளாக், தலை இரண்டின் அலுமினியமும் சேர்ந்து இன்னொரு 50. கூட்டினால் 71. ஆக, ஒரு ஓட்டத்துக்கு ஏறத்தாழ 20 டிகிரி ஏறும். பெரிய ரேடியேட்டர் போட்டாலும் இது மாறாது. நீங்கள் மாற்றக்கூடியது இரண்டுதான்: எந்தச் சூட்டில் ஓட்டத்தைத் தொடங்குகிறீர்கள், அடுத்த ஓட்டத்துக்குள் அந்த 20 டிகிரியை எப்படி வெளியே தள்ளுகிறீர்கள்.

ஃபேன் 20 நிமிடம் ஓடியும் இறங்காததற்குக் காரணம் ஃபேன் இல்லை. பி சீரிஸில் (உங்கள் பி16ஏ அந்த வரிசைதான்) தண்ணீர் பம்ப் டைமிங் பெல்ட்டில் சுற்றுகிறது. இன்ஜினை அணைத்ததும் தண்ணீர் ஓட்டம் நின்றுவிடும். ஃபேன் குளிர வைப்பது ரேடியேட்டருக்குள் இருக்கும் ஒன்றரை, இரண்டு லிட்டரை மட்டும். பிளாக்கில் இருப்பது அங்கேயே நின்று வேகும். தலையின் சூடு அதில் இறங்குவதால், அணைத்த சில நிமிடங்களில் பிளாக்கின் வெப்பம் இன்னும் ஏறவே செய்யும். பிறகு ஸ்டார்ட் செய்தால் ரேடியேட்டரின் குளிர்ந்த தண்ணீர் சென்சாரைக் கடக்கும்போது மீட்டர் ஒரு கணம் இறங்கிக் காட்டும், பர்ன்அவுட் (டயரைச் சுழற்றிச் சூடேற்றுவது) முடிவதற்குள் பழைய இடத்துக்கே வந்துவிடும்.

தீர்வு மின் பம்ப். டேவீஸ் கிரெய்க் 80 அல்லது 115 (எண் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்பதைக் குறிக்கிறது) கீழ் ஹோஸில் பொருந்தும். பழைய பம்ப் உடலைக் கழற்ற முடியாது, பெல்ட் அதன் புல்லியைச் சுற்றித்தான் போகிறது. இம்பெல்லர் இதழ்களை மட்டும் நீக்கிவிட்டு உடலைத் திரும்பப் போடுவார்கள். மின் பம்ப்பை ரேடியேட்டர் அடிமட்டத்துக்கு அருகே, எப்போதும் தண்ணீர் நிறைந்திருக்கும் உயரத்தில் வையுங்கள். காற்றை விழுங்கினால் அது தள்ளாது.

அவ்வளவு செலவு வேண்டாமென்றால், ஓட்டம் முடிந்து திரும்பும் வழியில் மெதுவாக உருட்டிக்கொண்டு வந்து, இடத்தில் நிறுத்தியதும் ஃபேனுடன் மூன்று நிமிடம் ஐடிலில் விட்டு அணையுங்கள். டர்போவின் தாங்கிக்கும் அது நல்லது. 10 நிமிடம் கழித்து இன்னொரு முறை இரண்டு நிமிடம் ஐடில். வரிசையில் நகரும்போது ஸ்டார்ட் செய்யாமல் தள்ளிக்கொண்டு போங்கள்.

மின் பம்ப்பும் ஃபேனும் சேர்ந்து சுமார் 20 ஆம்பியர் இழுக்கும் என்று வைத்துக்கொண்டால், 20 நிமிடத்துக்கு 7 ஆம்பியர்-மணி. 40 ஆம்பியர்-மணி பேட்டரி தாங்கும். ஆனால் ஆல்டர்னேட்டரைக் கழற்றிய வண்டி என்றால் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நடுவில் சார்ஜர் மாட்டியே ஆக வேண்டும். வோல்டேஜ் இறங்கினால் பெட்ரோல் பம்ப்பின் அளவும் இறங்கும், டர்போ அழுத்தத்தில் கலவை மெலிந்துவிடும். குளிர வைக்கப்போய் பிஸ்டனை உருக்கிய கதையாகிவிடும்.

கோட்டில் நிற்க வேண்டிய சூடு: தண்ணீர் 70 முதல் 75, ஆயில் 80-க்குக் குறையாமல். 65-இல் பர்ன்அவுட்டுக்குப் போனால் கோட்டுக்கு வரும்போது ஏறக்குறைய அங்கே இருக்கும், முடிவில் 90, 95. அதைவிடக் குளிராக ஓட்டினால் இன்னும் சக்தி வரும் என்று 50-இல் ஓட்டுவோர் உண்டு. ஃபோர்ஜ்டு பிஸ்டனுக்கு விட்ட இடைவெளி அந்தச் சூட்டில் அடைபடாது, ரிங் சரியாக உட்காராது. ஈசியூ (இன்ஜின் கணினி) வார்ம்அப் பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றிக்கொண்டிருக்கும், அது சிலிண்டர் சுவரைக் கழுவி ஆயிலில் கலக்கும். உங்கள் மேப்பில் (ஈசியூவின் அட்டவணையில்) வார்ம்அப் திருத்தம் எந்த டிகிரியில் 0 ஆகிறது என்று பார்த்து, அதற்கு மேலே நில்லுங்கள். 85-க்கு மேல் தொடங்குவதாக இருந்தால் இக்னிஷனை ஒன்றிரண்டு டிகிரி பின்வாங்கும் திருத்தமும் அதே அட்டவணையில் இருக்கட்டும்.

எண் எதுவானாலும் எல்லா ஓட்டத்துக்கும் ஒரே எண் என்பது முக்கியம். 78-இல் ஓர் ஓட்டம், 98-இல் ஓர் ஓட்டம் என்றால், நடுவில் நீங்கள் மாற்றிய பூஸ்ட்டோ டயர் காற்றோ வேலை செய்ததா என்று நேரத்தைப் பார்த்துச் சொல்லவே முடியாது.

ஐஸ் பற்றியும் சொல்லிவிடுகிறேன், கேட்பீர்கள். ஒரு கிலோ ஐஸ் உருக 334 கிலோஜூல் வேண்டும். உங்கள் ஒரு ஓட்டத்தின் சூடு 4 கிலோ ஐஸை உருக்கப் போதும். ஆனால் ஐஸ் தண்ணீரைச் சூடான பிளாக்கில் நேரே ஊற்றாதீர்கள், தலை வளையும். ஐஸ் பெட்டிக்குள் சின்ன ரேடியேட்டர் ஒன்றை மூழ்கவைத்து, இன்ஜின் தண்ணீரை அதன் வழியாகச் சுற்றவிட்டு, 60-இல் நிறுத்துங்கள்.

---

கிளாங் ஹேட்ச்

இப்பதான் புரியுது, ரேடியேட்டர் மட்டும்தான் ஆறிக்கிட்டு இருந்திருக்கு. தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போடணுமா? அது இல்லாட்டி தண்ணி வேகமா ஓடி, ரேடியேட்டர்ல சூட்டை விட நேரமில்லாமப் போயிடும்னு ஒர்க்‌ஷாப்ல சொல்றாங்க.

---

கோவை டியூனர்

அந்த விளக்கம் தவறு. ஒரே தண்ணீர்தான் திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. வேகமாக ஓடினால் ஒரு சுற்றில் ரேடியேட்டரில் குறைந்த நேரம் இருக்கும், ஆனால் அத்தனை சுற்று கூடுதலாக வரும். தண்ணீர் ஓட்டம் கூடினால் வெளியேறும் சூடும் கூடும்.

தெர்மோஸ்டாட் போன்ற தடை எதுவும் இல்லாவிட்டால் சூடேறும் வண்டிகள் உண்மையில் இருக்கின்றன. காரணம் வேறு. தலையிலிருந்து தண்ணீர் வெளியேறும் பக்கம் கொஞ்சம் தடை இருந்தால் பம்ப் தள்ளும் அழுத்தம் பிளாக்குக்குள் கூடுதலாக நிற்கும். எக்ஸாஸ்ட் வால்வு அருகே தண்ணீர் சின்னச் சின்னக் குமிழியாகக் கொதிப்பதை அது அடக்கும். குமிழி மூடிய இடத்தில் உலோகத்தைத் தண்ணீர் தொடாது, அந்த இடம் மட்டும் தனியாகச் சிவக்கும்.

பலர் தவறுவது இங்கேதான். பி சீரிஸில் தெர்மோஸ்டாட் இருப்பது கீழ் ஹோஸ் பக்கம், அதாவது பம்ப் உறிஞ்சும் பக்கம். அமெரிக்க வி8 வண்டிகளைப் பார்த்துத் துளைத்தகடு (தண்ணீர் ஓட்டத்தைக் குறைக்கும் தகடு) ஒன்றை அந்த இடத்தில் வைத்தால் பம்ப் பட்டினி கிடக்கும், 8000 சுற்றில் வெறும் குமிழியைத்தான் தள்ளும். தகடு வைப்பதானால் மேல் ஹோஸ் கழுத்தில் வையுங்கள். மின் பம்ப் போட்டால் தெர்மோஸ்டாட் வேண்டாம், பம்ப் வேகத்தைக் கன்ட்ரோலரே சூட்டுக்கு ஏற்ப மாற்றும். பழைய பம்ப்பையே வைத்துக்கொள்வதாக இருந்தால் ஹோண்டாவின் 78 டிகிரி தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போடுங்கள், விளிம்பில் 3 மில்லிமீட்டர் துளை ஒன்று போட்டு அது மேலே இருக்கும்படி. சிக்கிய காற்று அதன் வழியே போய்விடும்.

---

ஈப்போ ஃபோர்மேன்

இப்ப அந்த 300 மில்லி.

தம்பி, 1.1 பார் மூடியில 105 டிகிரித் தண்ணி கொதிக்காது. கொதிக்காமலே 300 மில்லி வெளிய வருதுன்னா அதை ஏதோ தள்ளுது. டர்போ அலுமினிய இன்ஜின்ல முதல் சந்தேகம் ஹெட் தூக்கறதுதான். பூஸ்ட் ஏறும்போது சிலிண்டர் அழுத்தம் தலையை மயிரிழை தூக்கும், எரிஞ்ச வாயு தலைக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்கற கேஸ்கட்டைத் தாண்டித் தண்ணிக்குள்ள புகும், அந்த வாயு தண்ணியை மூடி வழியா வெளிய தள்ளும். பூஸ்ட் விட்டதும் தலை உட்கார்ந்துடும். அதனாலதான் ஐடில்ல பார்த்தா எல்லாம் சரியாத் தெரியும்.

மூடியை 1.6 பாருக்கு மாத்தினா நின்னுடும்னு யாராவது சொல்வாங்க, கேக்காதீங்க. வாயு போக வழியில்லாம ஹோஸைப் பிடுங்கும், ரேடியேட்டர் ஓரத்தைக் கிழிக்கும். அதுவும் கால் மைல் முடிவுல, முன்சக்கரத்துக்கு முன்னாடி.

முதல்ல மூடியைக் கை பம்ப்ல சோதிங்க, 1.1 பாரைப் பிடிக்கணும். அது சரின்னா காலையில இன்ஜின் முழுக்க ஆறினப்ப மேல் ஹோஸை அமுக்கிப் பாருங்க. ராத்திரி முழுக்க நின்ன வண்டியில ஹோஸ் கல்லு மாதிரி இருந்தா வாயு புகுந்திருக்கு. அடுத்து பிளாக் டெஸ்டர் (தண்ணியில எரிஞ்ச வாயு இருக்கான்னு காட்டற கருவி): ஓட்டம் முடிஞ்ச உடனே, தண்ணி மட்டத்தைக் கொஞ்சம் இறக்கிட்டு, ரேடியேட்டர் வாயில வெச்சுக் காத்தை உறிஞ்சணும். நீல மருந்து மஞ்சளானா உறுதி. சூடா இருக்கறப்ப மூடியை முழுசாத் திறக்காதீங்க, துணி போட்டு முதல் படிக்கு மட்டும் திருகி அழுத்தத்தை விட்டுட்டு அப்புறம் திறங்க.

இதையெல்லாம்விட நல்லது தண்ணி அழுத்த சென்சார் ஒண்ணு போட்டு ஈசியூல பதிவு பண்றது. சூட்டால ஏறற அழுத்தம் மெதுவா ஏறும். ஹெட் தூக்கினா பூஸ்ட் கோடு ஏறற அதே நொடியில அழுத்தக் கோடும் செங்குத்தா எகிறும். எந்த சுற்றுல, எந்த பூஸ்ட்டுல தூக்குதுன்னு அப்படியே தெரிஞ்சுடும்.

டப்பாவைப் பத்தியும் ஒண்ணு. அமெரிக்க டிராக் ரேஸ் சங்கம் என்எச்ஆர்ஏ விதியில ஓவர்ஃபுளோ டப்பா குறைஞ்சது ஒரு பைண்ட், அதாவது கிட்டத்தட்ட 473 மில்லி. உங்க வண்டிக்கு ஒரு லிட்டர் உலோக டப்பா வைங்க, போல்ட் போட்டு இறுக்கி. கேபிள் டை கூடாது. ரேடியேட்டர் கழுத்துலருந்து வர்ற குழாய் முனை டப்பாவுல தண்ணிக்கு அடியில இருக்கணும். மேல தொங்கினா ஆறும்போது தண்ணிக்குப் பதிலாக் காத்தை உறிஞ்சிக்கும், அடுத்த ஓட்டத்துல அந்தக் காத்து தலையில போய் நிக்கும்.

---

டொரண்டோ கால்மைல்

மேலே எல்லாம் வந்துவிட்டது, குளிர்நாட்டில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு மட்டும் ஒன்று. தண்ணீர் உறையும்போது கொள்ளளவு சுமார் 9 விழுக்காடு கூடும், பிளாக் பிளந்துவிடும். சீசன் முடிந்ததும் வடிகால் போல்ட்டைக் கழற்றி வடித்தால் மட்டும் போதாது, மூலையில் தேங்கியதே உடைக்கும். குளிர்காலத்துக்கு ஹோண்டா டைப் 2 நீலக் கூலண்டை (தண்ணீர் கலந்தே வருவது) நிரப்பி, பம்ப்பைச் சுற்றவிட்டு வையுங்கள். வசந்தத்தில் முன்பு சொன்னபடி 0 வரும்வரை கழுவுங்கள்.

எல்லா ஊருக்கும்: மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை உலோகத்தைத் தொடாமல் ரேடியேட்டர் தண்ணீரிலும் வைத்து, ஃபேன், பெட்ரோல் பம்ப் எல்லாம் போட்டுப் பாருங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். 0.3 தாண்டினால் எர்த் ஒயர் எங்கோ சரியில்லை. தண்ணீர் வழியாகக் கரண்ட் போகிறது, எந்த மருந்து போட்டாலும் ரேடியேட்டர் ஓட்டையாகும்.

---

கிளாங் ஹேட்ச்

மூடி 1.1 பிடிக்குது. டெஸ்டர் மருந்து மஞ்சளாயிடுச்சு. ஹெட்டைக் கழட்டறேன். என்னென்ன பார்க்கணும்ணே?

---

ஈப்போ ஃபோர்மேன்

கழட்டின உடனே எதையும் துடைக்காதீங்க. கேஸ்கட்ல நெருப்பு வளையத்துலருந்து (சிலிண்டரைச் சுத்தி இருக்கற விளிம்பு) தண்ணித் துளை வரைக்கும் கருப்புக் கோடோ, கழுவி விட்ட மாதிரி சுத்தமான கோடோ இருக்கும். எந்த சிலிண்டர்னு குறிச்சு வைங்க. ஒரு பிஸ்டன் தலை மட்டும் பளபளன்னு இருந்தா தண்ணி உள்ளயும் போயிருக்கு, அந்த சிலிண்டரோட பேரிங்கையும் பாருங்க.

நேர்ச்சட்டத்தைக் குறுக்கும் நெடுக்கும் வெச்சு ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்க. தலை 0.05 மில்லிமீட்டருக்குள்ள இருந்தா இழைக்க வேண்டாம். அதுக்கு மேல 0.2 வரைக்கும் இழைக்கலாம். பிளாக்கையும் அதே மாதிரி பாருங்க. பி சீரிஸ் ஓப்பன் டெக், அதாவது ஸ்லீவ் (சிலிண்டரோட உள்குழாய்) மேல்முனை பிடிப்பில்லாம நிக்குது. ஏதாவது ஒரு ஸ்லீவ் இறங்கியிருந்தா எத்தனை கேஸ்கட் போட்டாலும் நிக்காது.

எம்எல்எஸ் (பல அடுக்கு எஃகு) கேஸ்கட்டுக்கு மேற்பரப்பு கண்ணாடி மாதிரி வேணும். கையால எமரி போட்டுத் தேய்க்காதீங்க, மெஷின் ஷாப்ல எம்எல்எஸ்னு சொல்லியே குடுங்க. ஸ்டட் துளையில தண்ணியோ ஆயிலோ இருந்தா முடுக்கும்போது அழுத்தம் போக வழியில்லாம பிளாக் வெடிக்கும். காத்து அடிச்சுக் காய வைங்க. ஸ்டட்டைக் கையால மட்டும் இறக்கணும். நட்டு, வாஷர் ரெண்டுக்கும் ஏஆர்பி குடுக்கற கிரீஸைத் தடவி, அவங்க தாள்ல இருக்கற டார்க்கை மூணு படியா ஏத்துங்க. வேற ஆயில் தடவினா அந்த எண் பொருந்தாது.

ஸ்பார்க் பிளக் பீங்கானை லென்ஸ் வெச்சுப் பாருங்க. மிளகுப்பொடி தூவின மாதிரி கருப்புப் புள்ளியோ, அலுமினியப் பொட்டோ இருந்தா நாக்கிங் அடிச்சுத்தான் தலை தூக்கியிருக்கு. அப்படி இருந்தா புது கேஸ்கட் போட்ட பிறகு இக்னிஷனைக் குறைக்காம 1.2 பாருக்குப் போகாதீங்க. அந்தப் பிளக் நாலையும் சிலிண்டர் வரிசைப்படி வெச்சுப் படம் எடுத்து இங்க போடுங்க, கோவைத் தம்பியும் பார்க்கட்டும்.